சிந்தனை குழம்பிய ஒருவரைப் போலக் கணினி கதைக்குமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் எழுதிவிடுகிறேன். கிளிநொச்சி அறிவியல்நகரில் இறுதியாண்டு படிக்கிறீர்கள். சிந்தனை குழம்பிய ஒருவரைப் போலத் தமிழில் உரையாடும் நிரல் ஒன்றை எழுத வேண்டும். வன்னியில் புதிதாக வேலைக்குச் சேரும் உளசமூகப் பணியாளர்கள் உண்மையான நோயாளியைச் சந்திக்க முன் அதனோடு கதைத்துப் பழக வேண்டும். இப்படி முன்பு யாராவது செய்திருக்கிறார்களா, எங்கே தொடங்குவது என்பதுதான் கேள்வி.

செய்திருக்கிறார்கள், செய்து 50 வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனால் அவர்கள் செய்தது எது, செய்யாமல் விட்டது எது என்று தெரியாமல் இறங்கினால், உங்கள் நிரல் பணியாளர்களுக்குப் பிழையான பாடத்தைப் படிப்பித்துவிடும். வன்னியில் அந்தப் பிழையின் விலை பெரிது. அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்து வைப்போம். உளமருத்துவர் ஒருவர் நோயாளியின் பேச்சில் இரண்டைப் பார்க்கிறார். ஒன்று, அவர் என்ன சொல்கிறார். "பக்கத்து வளவுக்காரர் இரவில் வந்து என் கிணற்றுக்குள் நஞ்சு போடுகிறார்" என்று ஒருவர் உறுதியாக நம்பலாம். நம்பிக்கை பிழையாக இருக்கும், ஆனால் வசனத்துக்கு வசனம் தொடர்பு அறாது. ஏன், எப்போது, எதற்காக என்று கேட்டால் ஒழுங்காக விளக்குவார். மற்றது, அவர் எப்படிச் சொல்கிறார். வசனம் ஒரு இடத்தில் தொடங்கி வேறெங்கோ போய் முடியும். கேட்ட கேள்விக்கும் வந்த பதிலுக்கும் இடையில் பாலம் இருக்காது. எண்ணங்களுக்கு இடையிலான தொடுப்பு தளர்ந்துபோவதே மனச்சிதைவின் (ஸ்கிசோஃப்ரினியா) மையம் என்று சுவிஸ் நாட்டு உளமருத்துவர் ஒய்கன் புளொய்லர் 1911இல் எழுதினார். 1979இல் அமெரிக்காவின் நான்சி ஆண்ட்ரியாசன் இந்த இரண்டாவது வகையை 18 கூறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வரைவிலக்கணம் கொடுத்தார். கேள்வியைத் தொட்டும் தொடாமலும் விலகிப்போவது, தடம் புரண்டு வேறு பேச்சுக்குப் போவது, பொருளை விட்டுவிட்டு ஓசை ஒத்த சொற்களைப் பிடித்துக்கொண்டு போவது, இல்லாத சொல்லை உண்டாக்குவது, ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வது, பேச்சே வற்றிப்போவது என்று அந்தப் பட்டியல் போகும். இவற்றில் பல மனச்சிதைவில் மட்டும் வருவதில்லை, மிகையுற்சாக நோயிலும் (மேனியா) வருகின்றன என்று அவரே காட்டினார். பேச்சு சிதறியதைக் கண்டவுடன் நோய்க்குப் பெயர் வைக்க முடியாது என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

சரி, கணினிக்கு வருவோம். 1966இல் மசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற நிரலை வெளியிட்டார். அது உளவளத்துணையாளரைப் போல, நாங்கள் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். அதைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். உங்களுக்கு வேண்டியது அதற்கு எதிர்ப்பக்கக் கதிரையில் இருக்கும் நிரல். அதைச் செய்தவர் கென்னத் கோல்பி. அவர் கணினிக்காரர் இல்லை, பயிற்சி பெற்ற உளமருத்துவர். ஸ்டான்போர்ட் செயற்கை அறிவு ஆய்வுகூடத்தில் இருந்துகொண்டு 1971, 1972 அளவில் 'பேரி' என்ற நிரலை உருவாக்கினார்.

பேரியை அவர் வெறும் பதில் இயந்திரமாக எழுதவில்லை, அதற்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்தார். 28 வயது, திருமணமாகாதவன், தபால் கந்தோரில் எழுதுவினைஞன், கூடப்பிறந்தவர்கள் இல்லை, தனியே இருக்கிறான், பெற்றோரை எப்போதாவதுதான் பார்க்கிறான். குதிரைப் பந்தயத்தில் விருப்பம். ஒரு தடவை பந்தயப் பணம் தரவில்லை என்று, பந்தயம் பிடிக்கும் புக்கிக்காரனோடு சண்டை பிடித்தான். பிறகுதான் யோசனை வருகிறது: புக்கிக்காரருக்குப் பாதாள உலகத்தோடு தொடர்பு இருக்கிறதே, அவன் மாஃபியாவை விட்டு என்னை அடிப்பிக்கலாம், கொல்விக்கவும் கூடும். பேரியின் மருட்சி, அதாவது அசைக்க முடியாத பிழையான நம்பிக்கை, முழுவதும் இந்த ஒரு கதைதான். கேட்க விருப்பமுள்ள ஆள் கிடைத்தால் அதைச் சொல்லவும் அவன் துடிக்கிறான். தோற்றம், குடும்பம், மதம், படிப்பு, பாலியல் ஆகியவற்றைப் பற்றி யாராவது கேட்டால் அவனுக்குச் சுடும்.

உள்ளே மூன்று எண்கள் ஓடுகின்றன: பயம், கோபம், அவநம்பிக்கை. எதிரில் இருப்பவர் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு வசனமும் இந்த எண்களை ஏற்றும் அல்லது விட்டுவிடும். குதிரை என்ற பேச்சு வந்தால் கொஞ்சம் அசையும். பந்தயம், சூது, புக்கி, பாதாள உலகம், மாஃபியா என்று பேச்சு கிட்டக் கிட்ட வர எண்கள் ஏறும். எண்கள் தணிவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கோபம் கெதியாக இறங்கும், பயம் மெதுவாக இறங்கும், அவநம்பிக்கைதான் ஆகக் கடைசியாக இறங்கும். இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கோபம் போனபிறகும் அவநம்பிக்கை கிடக்கும் என்பது மனிதரைக் கவனித்தவர் எழுதிய நிரல். பயம் அளவு மீறினால் பேரி உரையாடலையே முறித்துக்கொண்டு போய்விடுவான்.

இந்த எண்களுக்குப் பின்னால் கோல்பிக்கு ஒரு கோட்பாடும் இருந்தது. சந்தேக நோய் உள்ளவர் அவமானத்தை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறார். 'பிழை என்னில்' என்று ஏற்றால் வரும் வெட்கத்தைத் தாங்க முடியாததால், பிழையை வெளியே இருப்பவர் மேல் போடுகிறார் என்பது அவர் வாதம். அதனால் நிரல் ஒவ்வொரு வசனத்திலும் முதலில் தேடுவது 'இதில் எனக்குத் தீங்கு இருக்கிறதா' என்பதைத்தான். வசனத்தின் முழுப் பொருளையும் அது ஆராயப் போவதில்லை. சில சொற்கோலங்களைப் பிடிக்கும், அவ்வளவுதான்.

பிறகு சோதித்தார்கள். உளமருத்துவர்கள் தொலைத்தட்டச்சு வழியாகச் சிலவேளை பேரியோடும் சிலவேளை உண்மையான நோயாளிகளோடும் உரையாடினார்கள். அந்த உரையாடல்களின் எழுத்துப் பிரதியை அமெரிக்க உளமருத்துவர் 100 பேருக்கு அனுப்பி, எது கணினி என்று கேட்டார்கள். 41 பேர் பதில் எழுதினார்கள். 21 பேர் சரி, 20 பேர் பிழை. பிறகு கணினித் துறையினரிடம் கேட்டபோது 67 பேர் பதில் தந்தார்கள். 32 பேர் சரி, 35 பேர் பிழை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் இதே கணக்குத்தான் வந்திருக்கும். மனிதரையும் கணினியையும் பிரித்தறிய முடியாமல் போன முதல் சோதனை என்று பேரியைப் பலர் கொண்டாடுவது இதை வைத்துத்தான்.

நீங்கள் அந்தக் கொண்டாட்டத்தில் நிற்க வேண்டாம். அதே ஆய்வில் வேறொரு முடிவு இருக்கிறது, உங்கள் வேலைக்கு அதுதான் முக்கியம். மருத்துவர்களிடம் பேரியையும் நோயாளிகளையும் பல அளவைகளில் புள்ளியிடச் சொன்னார்கள். உண்மையான நோயாளிகளைவிடப் பேரிக்குக் கூடிய புள்ளி விழுந்த இடங்களில் இரண்டைப் பாருங்கள்: 'பேச்சை விளங்கிக்கொள்ளாமை', 'சிந்தனைக் கோளாறு'. மருட்சியிலோ நோயாளிகளுக்குத்தான் கூடிய புள்ளி. பதில்களைக் கண்டபாட்டுக்கு எடுத்துப் போடும் பேரி ஒன்றையும் செய்து ஒப்பிட்டார்கள். விளங்காமையும் சிந்தனைக் கோளாறும் அதில் இன்னும் கூடிவிட்டன.

இதை ஆறுதலாக யோசித்துப் பாருங்கள். கோல்பி பேரிக்குச் சிந்தனைக் கோளாறு எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதியது ஒழுங்கான, தொடர்பறாத ஒரு சந்தேகக் கதையை. ஆனால் அந்த நிரலுக்கு ஆங்கிலம் அரைகுறையாகத்தான் விளங்கும். விளங்காத இடத்தில் அது கொடுத்த பொருந்தாத பதிலை, தேர்ந்த மருத்துவர்கள் நோயின் அறிகுறியாக வாசித்தார்கள். விளங்காமை ஒரு பக்கத்தில் இருந்தது, அதற்குக் கோளாறு என்ற பெயர் விழுந்தது. வன்னியில் இது கணினிக்கு மட்டும் நடப்பதில்லை. அங்கே விளங்காமை இருப்பது கேட்பவர் பக்கத்தில், பெயர் விழுவது கதைப்பவர் மேல்.

வைசன்பாமுக்குப் பேரியின் மேல் கடும் கோபம். 1974இல் கணினியாளர் சங்க இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். சிறுவயது மதியிறுக்கத்தை (ஓட்டிசம்) போலச்செய்யும் நிரல் ஒன்றைத் தானும் செய்துவிட்டதாகவும், அந்தத் தட்டச்சுப்பொறிக்கு எதைக் கொடுத்தாலும் அது பதிலே தராது, அந்தப் பிள்ளைகளைப் போலவே இருக்கும் என்றும் அதில் எழுதினார். வெளியே ஒத்துப்போவதால் மட்டும் உள்ளே நடப்பது விளங்கிவிடாது என்பதே அவர் சொல்ல வந்தது. மதியிறுக்கமுள்ள பிள்ளைகளை அப்படி உதாரணமாக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாதத்தில் நியாயம் இருக்கிறது. 1972 செப்டம்பரில் பேரியையும் எலைசா வகை மருத்துவர் நிரலையும், இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வழியாக ஒன்றோடொன்று கதைக்கவிட்டார்கள். அதை இணைய முன்னோடிகளில் ஒருவரான வின்ற் சேர்ஃப் 1973இல் ஆவணமாக்கினார். ஒன்று கேள்வி கேட்கிறது, மற்றது புக்கிக்காரனைப் பற்றிச் சொல்கிறது, இரண்டுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பக்கங்கள் நிரம்புகின்றன.

பேரி நம்பிக்கையின் உள்ளடக்கத்தைப் போலச்செய்தது. பேச்சின் ஒழுங்கு குலைவதைப் போலச்செய்தவர்கள் பிறகு வந்தார்கள், அவர்கள் எடுத்த வழியும் வேறு. குலைந்த பேச்சை நேரடியாக எழுதாமல், முதலில் ஒழுங்கான ஒன்றைக் கட்டி, பிறகு அதன் உள்ளே ஒரு இடத்தைப் பழுதாக்கிப் பார்த்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஹொஃப்மன் 1980களிலிருந்தே நரம்பு வலைப்பின்னல்களில் (மூளையின் நரம்புகளைப் போலக் கற்கும் கணினி நிரல்கள்) இதைச் செய்துவந்தார். 2011இல் அவரும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் உலி கிராசமன், ரிஸ்டோ மீக்குலைனன் முதலியோரும் சேர்ந்து வெளியிட்ட வேலையை நீங்கள் கட்டாயம் தேடி வாசிக்க வேண்டும். 'டிசேர்ன்' என்ற வலைப்பின்னலுக்கு 28 கதைகளைப் படிப்பித்தார்கள். சில, 'நான்' என்று சொல்லும் ஒருவரின் சொந்த வாழ்க்கைக் கதைகள். மற்றவை குற்றக் கும்பல்களின் கதைகள். ஒழுங்காகத் திருப்பிச் சொல்லக் கற்ற பிறகு, எட்டு விதமாக அதைப் பழுதாக்கினார்கள். 37 நோயாளிகளும் நோயில்லாத 20 பேரும் ஒரு சிறுகதையை நினைவிலிருந்து சொன்ன விதத்தோடு ஒப்பிட்டபோது, நோயாளிகளின் பேச்சுக்குக் கூடக் கிட்ட வந்தது 'மிகைக் கற்றல்' என்ற பழுது. அதாவது, மறக்க வேண்டியதை மறக்காமல் எல்லாவற்றையும் அளவுக்கு மீறி அழுத்திப் பதித்துக்கொள்வது. அப்போது கதைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன. கும்பலின் கதையில் நடந்தது 'எனக்கு' நடந்ததாக வந்தது. ஒரு கட்டத்தில் அந்த நிரல், குண்டுவெடிப்பு ஒன்றைத் தான்தான் செய்ததாக உரிமை கோரியது.

டிசேர்னை வைத்து மனச்சிதைவின் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று ஒருவரும் சொல்லக்கூடாது. 28 கதை தெரிந்த வலைப்பின்னல் ஒரு மனிதராகாது. ஆனால் வேலை முறை சரி: பழுதைக் காட்ட வேண்டுமானால் முதலில் பழுதில்லாததைக் கட்டத் தெரிய வேண்டும். உங்கள் கேள்விக்கு என் பதிலின் மையமும் இதுதான். வன்னியில் சுகமான ஒருவர் எப்படிக் கதைப்பார் என்று உங்கள் நிரலுக்குத் தெரியாவிட்டால், அது காட்டும் 'நோயில்' பாதி எங்கள் ஊரின் இயல்பான பேச்சாக இருக்கும்.

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு பேச்சை வைத்துக்கொள்ளுங்கள். நான் கட்டியதுதான், ஆனால் முல்லைத்தீவில் எந்த முற்றத்திலும் கேட்கக்கூடியது. "உங்களுக்கு எத்தனை பிள்ளையள் அம்மா?" என்று கேட்கிறீர்கள். "தர்மபுரத்தில நாலு. விசுவமடுவில மாட்டை அவிட்டு விட்டம். உடையார்கட்டிலயும் நாலுதான், பிறகு இரணைப்பாலை. தண்ணி இல்லை. மாத்தளனுக்கு மூண்டோட போனம். வட்டுவாகல் பாலத்தில சின்னவள் கையை விட்டிட்டாள், பிறகு செட்டிகுளத்தில கண்டுபிடிச்சது. உறுதியும் போட்டுது."

ஆண்ட்ரியாசனின் பட்டியலை மனப்பாடமாக்கிய, வன்னி தெரியாத ஒருவர் இதில் தடம் புரளலைக் காண்பார். எண்ணிக்கை கேட்டால் மாடு வருகிறது, தண்ணீர் வருகிறது, காணி உறுதி வருகிறது. ஆனால் யுத்தம் முடிந்த 2009இன் முதல் ஐந்து மாதங்களில் சனம் கிழக்கு நோக்கித் தள்ளப்பட்ட பாதையை அறிந்த எவருக்கும் இது இறுக்கமான ஒழுங்கில் சொல்லப்பட்ட பதில். ஊர்ப்பெயர்கள்தான் திகதிகள். உடையார்கட்டுக்கும் மாத்தளனுக்கும் இடையில் நான்கு மூன்றாகியது என்பதே கேள்விக்கான விடை. அதை ஒரே வசனத்தில் சொல்ல அந்த அம்மாவால் முடியவில்லை. செட்டிகுளத்து முகாம்களுக்குள் 3 இலட்சத்துக்குக் கிட்டிய சனம் போனது, அங்கே போனபிறகு பலர் பிரிந்த பிள்ளைகளைத் தேடினார்கள் என்று தெரிந்தால் கடைசி வசனமும் பொருந்திவிடும்.

யார் என்று சொல்லாமல் கதைப்பதும் அப்படித்தான். "வந்தவை, கேட்டவை, கொண்டுபோனவை, பிறகு விட்டிட்டினம்." யார் வந்தது? தமிழில் எழுவாயை விட்டுவிடலாம், வினைமுற்று தாங்கிக்கொள்ளும். அதற்கு மேலாக, ஆயுதம் வைத்திருந்தவர்களைப் பெயர் சொல்லாமல் கதைப்பது பல வருடங்களாக உயிரைக் காத்த பழக்கம். ரோச்செஸ்டர், மார்ட்டின் என்ற இரு ஆய்வாளர்கள் 1979இலேயே, யாரை அல்லது எதைச் சுட்டுகிறார் என்று தெளிவில்லாமல் கதைப்பதை மனச்சிதைவுப் பேச்சின் ஒரு அடையாளமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு நியாயம் இருக்கலாம். அந்த அளவுகோலை அப்படியே கொண்டுவந்து புதுக்குடியிருப்பில் வைத்தால் ஊரில் பாதிப்பேருக்கு நோய் என்று வரும்.

அவநம்பிக்கையைப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் படிவமும் பேனையுமாக வந்து வீட்டில் எத்தனை பேர், மகன் எங்கே, 2009இல் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், "ஏன் கேக்கிறியள், ஆர் அனுப்பினது?" என்று திருப்பிக் கேட்பார்கள். பேரியில் இந்தப் பதில் அவநம்பிக்கை எண் ஏறியதன் அடையாளம். வன்னியில் இது புத்தியுள்ளவர் கேட்கும் கேள்வி. முகாமில் பதிந்து, மீள்குடியேற்றத்தில் பதிந்து, அதன் பிறகும் திரும்பத் திரும்பப் பதியப்பட்ட சனம் இது. இங்கே நம்பிக்கை ஆட்கள் வழியாகத்தான் வரும். விதானையாரோ, பள்ளிக்கூட ரீச்சரோ, பாதரோ, கோயில் ஐயரோ கூட்டிக்கொண்டு வந்து "இவை எங்கட ஆக்கள்தான்" என்று சொன்னால் அவநம்பிக்கை இறங்கும். நோயுள்ளவரைப் பிரித்துக் காட்டுவது அவநம்பிக்கையின் அளவு இல்லை. தெரிந்த ஆள் வந்து சொன்னபிறகும் அது இறங்காமல் நிற்பதும், பிறகு கூட்டிவந்தவரையே சந்தேகிக்கத் தொடங்குவதும்தான் அடையாளம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் விஷயம் இன்னும் கவனமாகத் தொட வேண்டியது. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய தொடர் போராட்டத்தில் இருந்த எந்த அம்மாவோடு கதைத்தாலும், மகனை நிகழ்காலத்தில்தான் சொல்வார். "இருக்கிறான், வருவான்." உடலைக் காட்டாத, பதிலும் சொல்லாத இழப்புக்கு இது இயல்பான மொழி, போலின் பொஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இத்தகைய தெளிவில்லாத இழப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஆதாரம் எதுவும் இல்லாமல் மகன் இறந்துவிட்டதாக அந்தத் தாய் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் முறையில்லாதது. அதுபோல, வற்றாப்பளை கண்ணகை அம்மன் கனவில் வந்து சொன்னா என்று ஒருவர் சொன்னால் அது குரல் கேட்கும் நோய் ஆகாது. ஒருவரின் பண்பாட்டில் எல்லோரும் ஏற்கும் நம்பிக்கையை மருட்சிக்குள் சேர்க்கக்கூடாது என்று நோய் வகைப்படுத்தும் கையேடுகளே சொல்கின்றன. வன்னியின் கூட்டுத் துயரைப் பற்றி உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். குடும்பமும் ஊருமாகச் சேர்ந்து உடைந்ததை ஒரு தனிமனிதரின் நோயாக மட்டும் பார்க்க முடியாது என்பதை விளங்கிக்கொள்ள அதை வாசியுங்கள்.

இதெல்லாம் சொல்வதால் வன்னியில் மனச்சிதைவு இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லா ஊரிலும் போல இங்கேயும் இருக்கிறது. "இடம்பெயர்ந்தபிறகு இப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிட, மருந்தில்லாமல் வருடக்கணக்காகத் துன்பப்படுபவர்களும் உண்டு. நோயில்லாதவருக்கு நோய் என்பதும், நோயுள்ளவரை யுத்தத்தின் பெயரால் தவறவிடுவதும் ஒரே குறையின் இரண்டு பக்கங்கள். இரண்டிலும் கேட்பவருக்கு ஊரின் இயல்புப் பேச்சு தெரியவில்லை. உங்கள் நிரலால் ஒரு பிரயோசனம் வருமென்றால் இந்த இடத்தில்தான் வரும்.

இப்போது தானாக அளக்கும் முறைகளும் வந்துவிட்டன. 2015இல் பேடி முதலியோர், நோய் வரும் ஆபத்தில் இருந்த 34 இளையோரின் பேச்சைக் கணினியால் ஆராய்ந்தார்கள். அடுத்தடுத்த வசனங்களின் பொருள் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று எண்ணாக்கிப் பார்த்து, பின்னர் நோய் வந்த ஐந்து பேரையும் பிரித்துக் காட்டினார்கள். கவர்ச்சியான முடிவு, ஆனால் ஐந்து பேர்தான். அந்த முறையில் பொருள் கிட்டமா தூரமா என்று தீர்மானிப்பது, நிறைய எழுத்தைப் படித்துப் பழகிய ஒரு கணினி மொழி மாதிரி. பத்திரிகையும் கலைக்களஞ்சியமும் படித்த தமிழ் மாதிரிக்கு மாடும் பங்கரும் காணி உறுதியும் ஒன்றுக்கொன்று தூரத்துச் சொற்கள். மேலே சொன்ன அம்மாவின் பேச்சுக்கு அது ஆகக் குறைந்த புள்ளி போடும். ஓசையிலும் சிக்கல் இருக்கிறது. "பிள்ளை கிள்ளை", "காணி கீணி" என்று எதிரொலித்துக் கதைப்பது எங்களுக்குச் சாதாரணம். ஓசை ஒத்த சொல்லைக் கண்டதும் கோளாறு என்று எண்ணும் நிரல் அங்கேயும் தடுக்கி விழும். ஆகவே ஆயத்தமாகக் கிடைக்கும் அளவுகோல் எதையும் சரிபார்க்காமல் எடுத்து ஒட்ட வேண்டாம்.

சாட்ஜிபிடி போன்ற இன்றைய பெரிய மொழி மாதிரிகளைப் பாவித்தால் எல்லாம் ஒரு நாளில் முடிந்துவிடும் என்று உங்களோடு படிப்பவர்கள் சொல்வார்கள். "மனச்சிதைவு நோயாளி போல நடி" என்று கேட்டால் அது நடிக்கத்தான் செய்யும். ஆனால் பாடப்புத்தக அறிகுறிகளை ஒவ்வொன்றாக ஒப்புவிக்கும் நோயாளிதான் வருவார். இடையில் மௌனம் இல்லை, சலிப்பு இல்லை, "தண்ணி குடிக்கிறியளோ" என்று பேச்சை மாற்றுவது இல்லை. பேரிக்கு மொழி விளங்காதது குறை. இதற்கு மொழி நன்றாக வரும், ஆனால் பின்னால் ஒரு வாழ்க்கை இல்லை. பேரியின் மூன்று எண்களை நான் அவ்வளவு நீட்டிச் சொன்னது இதற்காகத்தான். ஆளின் வாழ்க்கை, அவருடைய நினைவுகளின் ஒழுங்கு, பயமும் நம்பிக்கையும் ஏறி இறங்கும் கணக்கு எல்லாவற்றையும் நீங்கள் வெளியே தனியாக எழுதி வையுங்கள். மொழி மாதிரியை வசனம் கட்ட மட்டும் பாவியுங்கள்.

நான் செய்வதானால் முதலில் நோயில்லாத ஒருவரை எழுதுவேன். 55 வயது அம்மா, ஊர் விசுவமடு. இடம்பெயர்ந்த வழி, இழந்தவர்கள், வீட்டுத்திட்ட வீடு பாதியில் நிற்பது, யாரை நம்புவார், எந்தக் கேள்விக்கு எழும்பிப் போவார் என்று முழுதாக. பிறகு அதே அம்மாவை இரண்டு தரம் பிரதி எடுப்பேன். ஒன்றில் அவநம்பிக்கை இறங்கும் வழியை அடைத்துவிடுவேன். மற்றதில் டிசேர்ன் செய்ததுபோல இரண்டு நினைவுகளை ஒன்றுக்குள் ஒன்று கசியவிடுவேன். அயலவரின் கதை தன் கதையாக வரட்டும். நான்காவதாக, கோல்பியின் ஆட்கள் செய்ததுபோல, பதிலைக் கண்டபாட்டுக்கு எடுத்துப் போடும் ஒரு பிரதி. பயிற்சிக்கு வருபவர் எந்த அம்மாவோடு கதைக்கிறார் என்று அவருக்குச் சொல்லக்கூடாது. நோயில்லாத அம்மாவை அவர் நோயாளி என்று எழுதினால் அவருக்கு ஊர் தெரியவில்லை. கண்டபாட்டுப் பிரதியைச் சிந்தனைக் கோளாறு என்று எழுதினால், விளங்காமையையும் நோயையும் அவரால் பிரிக்க முடியவில்லை. இந்த இரண்டு பிழையும் பயிற்சிக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று எண்ணினாலே உங்கள் ஆய்வறிக்கைக்கு உறுதியான பெறுபேறு கிடைக்கும்.

சில கட்டுப்பாடுகளும் உண்டு. மருத்துவமனைக் குறிப்புகளையோ, யாராவது அம்மாவின் உண்மையான வாக்குமூலத்தையோ நிரலுக்குள் போட வேண்டாம். அனுமதி தந்தாலும் வேண்டாம், இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. நிரலைப் பொதுவில் விட வேண்டாம். மருட்சிக்கு ஆளாகக்கூடியவர்களின் நம்பிக்கையை உரையாடல் நிரல்கள் ஊட்டி வளர்க்கலாம் என்று டென்மார்க்கின் சோரன் ஒஸ்டர்கார்ட் 2023இலேயே எச்சரித்திருக்கிறார். மாஃபியா துரத்துகிறது என்று சொல்லும் நிரல் அப்படியான ஒருவர் கைக்குப் போகக் கூடாது. பயிற்சி நடக்கும்போது பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் இருக்க வேண்டும், ஏனென்றால் பணியாளர்களில் பலர் அதே பாதையால் நடந்து வந்தவர்கள். நிரலின் முதல் பக்கத்தில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைப் போடுங்கள்.

அந்த நோயில்லாத அம்மாவின் உரையாடலை முதலில் தாளில் எழுதி, உங்கள் வீட்டில் வயதான ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "இப்பிடி ஒருத்தரும் கதைக்கிறேல்லை" என்று அவர் சொல்லும் இடங்களைத் திருத்தியபிறகு, மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோய் உளமருத்துவரிடம் கொடுங்கள். நிரல் எழுதுவதை அவர் வாசித்து முடித்தபிறகு தொடங்கலாம்.